இரண்டு முறை கவிழ்ந்த ரொட்டி

எங்கள் தெருவில் இடது வலது தெரியாத ஒரே ஆள் ஸ்டாம்புக்காரர்தான் என்று அவர் மனைவி சொல்வாள். அதில் கொஞ்சம் மிகை உண்டு. அவருக்கு இரண்டும் தெரியும், மாற்றித் தெரியும். முப்பத்தோரு வருடமாக ரப்பர் ஸ்டாம்பு செய்கிற மனிதர். எழுத்தைத் திருப்பிப் போட்டால்தான் காகிதத்தில் நேராக விழும். அந்தப் பழக்கத்தில் அவர் மூளை எதைப் பார்த்தாலும் முதலில் அதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளும். வண்டியில் உட்கார்ந்து "வலது பக்கம் போப்பா" என்பார், கை இடது பக்கம் காட்டும். ஓட்டுகிறவர்கள் வாயை விட்டுவிட்டுக் கையை நம்பப் பழகிவிட்டார்கள்.

அவர் கடைக்கும் என் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர். என்னுடையது ஜெராக்ஸ் கடை. தெருவில் எல்லாருக்கும் நான் ஜெராக்ஸம்மா. எனக்கென்று ஒரு பெயர் இருப்பது அடையாள அட்டையை எடுத்தால்தான் எனக்கே ஞாபகம் வரும். என் தொழிலில் இடது இடதுதான், வலது வலதுதான். கொடுத்ததை அப்படியே திருப்பித் தருவேன். அதனால் எங்கள் இரண்டு பேருக்கும் பல விஷயங்களில் ஒத்துப்போகாது, ஆனாலும் காலையில் யார் முதலில் வந்தாலும் அடுத்தவர் ஷட்டரையும் சேர்த்துத் தூக்கிவிடுவோம்.

அவர் கடை ஆறடி அகலம். ஒரு கம்ப்யூட்டர், ரப்பரைச் செதுக்கும் ஒரு மெஷின், அலமாரியில் மரக் கைப்பிடிகள், நீலமும் ஊதாவுமாக மை பேடுகள். மெஷின் ஓடும்போது ரப்பர் கருகும் வாடை என் பக்கம் வரும். கோபம் வந்தால் நான் சுவரைத் தட்டுவேன், அவர் ஃபேனைத் திருப்பி வைப்பார். புதிதாகச் செய்த ஒவ்வொரு முத்திரையையும் முதலில் ஒரு பழைய டைரியில் குத்திப் பார்ப்பார். அப்படிப் பத்தொன்பது டைரிகள். ஒன்றில்கூட எழுத்து மாறியோ திரும்பியோ விழுந்ததில்லை. இந்தப் பெருமையை அவராக ஆரம்பிக்க மாட்டார், யாராவது கேட்கட்டும் என்று காத்திருப்பார். யாரும் கேட்காவிட்டால் ஒரு டைரியை எடுத்துச் சத்தமாகத் தூசி தட்டுவார்.

இன்னொரு கறார் உண்டு. அலுவலக முத்திரை கேட்டு வருகிறவர் அந்த அலுவலகத்தின் கடிதத்தைக் காட்ட வேண்டும். கடிதம் இல்லையென்றால் கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், அவரிடம் முத்திரை வாங்க முடியாது. கெஞ்சியவர்கள், மிரட்டியவர்கள், அங்கேயே உட்கார்ந்து அழுதவர்கள் எல்லாரையும் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து நான் கேட்டிருக்கிறேன். "கடிதம் கொண்டு வாங்க" என்பதற்கு மேல் அவர் ஒரு சொல் பேசியதில்லை.

இந்தக் கறாரை அவருக்குள் போட்டது அவருடைய அக்கா. அம்மா போனபோது அவருக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினாறு. அவள்தான் குளிப்பாட்டினாள், சோறூட்டினாள், பள்ளிக்கூடம் அனுப்பினாள். பக்கத்துப் பையனின் பென்சில் ஒன்று எப்படியோ இவர் பைக்குள் வந்துவிட்டதற்காக, உச்சி வெயிலில் இரண்டு தெரு நடக்கவிட்டுத் திருப்பிக் கொடுக்க வைத்தாள். அந்தக் கதையை நான் நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் வெயில் கொஞ்சம் கூடும்.

அப்படிப்பட்ட அக்கா நாலு வருடமாகத் தம்பி வீட்டுப் படி ஏறவில்லை.

காரணம் ஒரு முத்திரை. அக்கா மகன் ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் வேலை பார்த்தான். கம்பெனிக்காரர் ஒரு நாள் கதவைப் பூட்டிக்கொண்டு போனவர் போனவர்தான். அவன் அங்கே வேலை பார்த்தான் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. வேறு இடத்தில் நல்ல வேலை ஒன்று காத்திருந்தது, அனுபவச் சான்றிதழ் கேட்டார்கள். சான்றிதழை அவனே அடித்துக்கொண்டு வந்துவிட்டான். அடியில் போட அந்தக் கம்பெனியின் வட்ட முத்திரை ஒன்று வேண்டும். சொந்த மாமாவிடம் கேட்காமல் யாரிடம் கேட்பான்? மாமா மறுத்தார். அன்று மட்டும் "கடிதம் கொண்டு வா" என்பதோடு நிற்கவில்லை, அவனைத் திட்டவும் திட்டினார். அந்த நேரம் பார்த்து என் மெஷினில் ஒரு வக்கீலின் கட்டு ஓடிக்கொண்டிருந்தது, என்ன திட்டினார் என்று எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பையன் முகம் சிவந்து வெளியே போனதைத்தான் பார்த்தேன். அந்த வேலை கைநழுவிப் போயிற்று.

அடுத்த வாரம் அக்கா தம்பி மனைவியைப் போனில் கூப்பிட்டு, "இனிமே அந்த வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை இருந்ததாக யாரும் நினைக்கவும் இல்லை.

தம்பி மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தெருவுக்கே அவள் டீச்சர்தான். "பெத்த பிள்ளைக்குப் பரிஞ்சு பேசுறாங்க, அதுல என்ன தப்பு? நீங்கதான் போய்க் கூப்பிடணும்" என்று முதல் வருடம் முழுக்கச் சொன்னாள். இவர் இரண்டு முறை போனார். முதல் முறை வீடு பூட்டியிருந்தது. இரண்டாம் முறை பூட்டவில்லை, ஆனாலும் யாரும் திறக்கவில்லை. மூன்றாவது தடவை போகச் சொன்னதற்கு, "நான் செஞ்சது சரிதானே?" என்றார். சரிதான். அதுதான் தொல்லை. தப்பு செய்தவன் என்றால் மன்னிப்புக் கேட்டு முடித்துவிடலாம். சரியாக நடந்துகொண்டவன் என்ன செய்வான்? உம்மென்று உட்கார்ந்திருப்பான்.

ரொட்டி இதற்குள் வந்தது மூன்று கடை தள்ளியிருக்கும் பேக்கரிக்காரியால். இத்தாலிக்காரர் ஒருவருடைய ஹோட்டலில் பதினோரு வருடம் மாவு பிசைந்துவிட்டு வந்து சொந்தமாகக் கடை போட்டவள். காகிதப் பைகளில் குத்த ஒரு முத்திரை செய்யச் சொன்னாள். அதைக் கொடுக்கப் போன இடத்தில் ஸ்டாம்புக்காரர் ஒரு வட்ட ரொட்டியைப் பார்த்தார். சின்னச் சின்ன உருண்டைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வெந்து, மேலே பூண்டும் வெண்ணெயும் மினுமினுத்தன. அதை வெட்டக் கத்தி கிடையாது. ஒரு உருண்டையைப் பிடித்து இழுத்தால் அது மட்டும் பிய்ந்து வரும், உள்ளேயிருந்து சீஸ் நூலாக இழுபடும். பேக்கரிக்காரி அதைப் பிய்ப்பு ரொட்டி என்றாள். இத்தாலியப் பெயரும் ஒன்று சொன்னாள், அது அவர் வாயிலும் நுழையவில்லை, என் வாயிலும் நுழையவில்லை.

அடுப்படிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத மனிதர் அன்று முதல் மாவு பிசையக் கற்றுக்கொண்டார். பேக்கரிக்காரி மதியத்தில் கடை ஓய்ந்திருக்கும்போது சொல்லிக்கொடுத்தாள். வீட்டுக்குச் சின்ன ஓவன் ஒன்றும் வாங்கியாயிற்று. முதல் ரொட்டியால் சுவரில் ஆணி அடித்திருக்கலாம் என்றாள் டீச்சர். இரண்டாவதில் சீஸ் எல்லாம் வெளியே ஓடி அடியில் கருகிவிட்டது.

"ஓரத்துல எண்ணெய் பட்டுச்சுன்னா மாவு மாவோட ஒட்டாதுங்க" என்றாள் பேக்கரிக்காரி. "விரலைத் தொடைச்சுட்டு, நாலு பக்கமும் இழுத்து, ஒண்ணாச் சேர்த்துக் கிள்ளுங்க. கிள்ளின இடம் தட்டோட அடியில போகணும்."

அது போதும் அவருக்கு. நகத்தளவு ரப்பரில் பன்னிரண்டு எழுத்து பார்த்த கண். ஒவ்வொரு உருண்டையும் தராசில் ஐம்பது கிராம். ஒரு கிராம் கூடினாலும் கிள்ளி எடுத்துவிடுவார். நடுவில் ஒன்று, அதைச் சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு, ஆக மொத்தம் பத்தொன்பது. ஆறு மாதத்தில் அவர் ரொட்டியில் ஒரு சொட்டு சீஸ் வெளியே கசிவது நின்றுவிட்டது. அதைப் பற்றியும் அவராகப் பெருமை பேச மாட்டார். தட்டைத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்பார், நாம் ஏதாவது சொல்லும்வரை.

இந்த வருட ஆரம்பத்தில் அக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. புண். காரம் நாக்கில் படக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்டாம்புக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போய் வராந்தாவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு உள்ளே போகாமல் வந்தார். அப்புறம் ஒரு நாள் அக்காவே டீச்சருக்குப் போன் செய்தாள். மகனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, அவளும் அவனோடு போகிறாள், ரயிலில் ஒன்றரை நாள் பயணம். "கெளம்புறதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை வந்து ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன். சாப்பாடெல்லாம் வேண்டாம். ஒரு மணி நேரம்தான்."

டீச்சர் இதைச் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். ஸ்டாம்புக்காரர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சாப்பிடாம போனா, பார்க்க வந்ததா ஆகாது. முடிச்சுக்க வந்ததா ஆயிடும்" என்றார். "ஒரு வாய் சாப்பிட்டுட்டாங்கன்னா போதும், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அவர் அப்படி வெளிப்படையாகப் பேசி நான் கேட்டதில்லை. எனக்குக் கொஞ்சம் சங்கடமாகவே இருந்தது.

என்ன கொடுப்பது என்பதில் சந்தேகமே இல்லை. பிய்ப்பு ரொட்டிதான். சிக்கல் என்னவென்றால், அக்கா மகனுக்குக் காரம் இல்லாமல் எதுவும் இறங்காது. அக்காவுக்குக் காரம் ஆகாது. இரண்டாகச் செய்யலாமே என்றேன். கூடாது என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு அக்காவுக்கு அவள் வீட்டிலேயே தனிச் சமையல், தனிக் கிண்ணம். "நோயாளி மாதிரி ஒதுக்கி வெச்சிட்டாங்க" என்று டீச்சரிடம் போனில் புலம்பியிருக்கிறாள். இந்த வீட்டிலும் தனித் தட்டை நீட்டினால் தொடவே மாட்டாள். ஒரே ரொட்டி, எல்லாரும் அதிலேயே பிய்க்க வேண்டும், வெளியே பார்த்தால் எல்லா உருண்டையும் ஒன்று போல இருக்க வேண்டும். உள்ளே மட்டும் ஒரு பாதி சாது, ஒரு பாதி காரம்.

சாதுவில் சீஸும், எண்ணெயில் ஊறிய உலர் தக்காளியும், துளசி மாதிரி வாசனையாக இருக்கும் ஒரு இலையும். காரத்தில் அதே சீஸோடு மிளகாய், மிளகு, பூண்டு எல்லாம் இடித்து எண்ணெயில் குழைத்த கலவை. காரமான பண்டத்துக்கு இத்தாலிக்காரர்கள் பிசாசின் பெயரை வைப்பார்களாம், பேக்கரிக்காரி சொன்னாள். அதனால் எங்களுக்கு அது பிசாசுக் கலவை.

சனிக்கிழமை கடையில் உட்கார்ந்து அவர் ஒரு படம் போட்டார். வட்டத்துக்குள் பத்தொன்பது வட்டம். மேசையில் அவருக்கு இடப்பக்கம் அக்கா, வலப்பக்கம் அக்கா மகன். ஓரத்து உருண்டை ஒன்றின் மேல் ஒரு கறுப்பு ஆலிவ் காய் பதித்திருக்கும். அது அவரைப் பார்த்திருக்கும்படி தட்டை வைத்தால் இடப்பக்கம் பத்தும் சாது, வலப்பக்கம் ஒன்பதும் பிசாசு. இதெல்லாம் மேசையில் இருக்க வேண்டிய நிலை. அடுத்ததாக இன்னொரு படம் போட்டார், தகரத் தட்டில் அடுக்க வேண்டிய நிலை. வெந்ததும் தட்டைக் கவிழ்த்துத்தானே எடுக்க வேண்டும்? கவிழ்த்தால் இடது வலதாகும். ஆகவே அடுக்கும்போது பிசாசு இடப்பக்கம். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஜெராக்ஸம்மா, இந்த மாதிரி வேலைக்கெல்லாம் உங்க மூளை ஆகாது" என்றார்.

ஆகாதுதான். நானும் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு விருந்து என்று நினைத்துக்கொள்ள நான் அசடு இல்லை. மனஸ்தாபம் உள்ள வீட்டில் மூன்றாம் மனுஷி ஒருத்தி உட்கார்ந்திருந்தால் யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள், அதற்காக. நான் போனபோது ரொட்டி ஓவனில் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பூண்டு வாசனை வந்தது. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். உருண்டைகள் உப்பி, ஒன்றுக்கொன்று இடமில்லாமல் முட்டிக்கொண்டு, பொன்னிறமாகிக்கொண்டிருந்தன. ஒன்றிலும் ஒரு விரிசல் இல்லை.

மணி அடித்ததும் எடுத்தார். பத்து நிமிடம் ஆறவிட்டார். பலகையை மேலே வைத்துத் தகரத்தைக் கவிழ்த்தார். ரொட்டி வயிற்றைக் காட்டிக்கொண்டு பலகையில் விழுந்தது. அடியில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. எனக்குக் காட்டிவிட்டு, பெரிய பீங்கான் தட்டை அதன் மேல் வைத்து, பலகையோடு சேர்த்து மறுபடி கவிழ்த்தார். முகம் மேலே வந்தது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை இதேபோலச் செய்த கை, யோசிக்காமல் செய்தது. ரப்பர் ஸ்டாம்பு ஒரு முறைதான் கவிழும். ரொட்டி இரண்டு முறை கவிழ்கிறது. இதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் தோன்றவில்லை, ஆனால் நான் முப்பத்தோரு வருடமாக அந்த வேலை பார்த்தவள் இல்லை.

அக்கா சரியாகப் பன்னிரண்டரைக்கு வந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு ஜாக்கெட் தோளில் நிற்காத அளவுக்கு இளைத்திருந்தாள். கையில் ஒரு துணிப்பை. மகன் பின்னால் வந்தான். நல்ல உயரமான பிள்ளை, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஃபேனைப் பார்த்தான்.

"வாங்க அண்ணி" என்றாள் டீச்சர்.

"வாக்கா" என்றார் ஸ்டாம்புக்காரர்.

"ம்" என்றாள் அக்கா.

டீச்சர் தண்ணீர் கொண்டு வந்தாள். அக்கா துணிப்பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். டீச்சர் கையில் இருந்த டம்ளரை நான் வாங்கிக் குடித்துவிட்டேன். யாராவது குடித்தாக வேண்டியிருந்தது. புது ஊர் எப்படி, வீடு கிடைத்ததா, ரயிலில் கீழ் இருக்கையா மேல் இருக்கையா என்று கால் மணி நேரம் பேச்சு ஓடியது. அக்கா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள், தம்பியைப் பார்க்காமல் சொன்னாள்.

ஸ்டாம்புக்காரர் எழுந்து போய் ரொட்டியைக் கொண்டு வந்தார். நடு மேசையில் வைத்து, ஆலிவ் தன்னைப் பார்க்கும்படி மெல்லத் திருப்பினார்.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன, கடையில வாங்கினதா?"

"நான் செஞ்சதுக்கா."

"நீயா?" நாலு வருடத்தில் முதல் முறையாக அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "எனக்குத் தனியா ஏதாவது செஞ்சு வெச்சிருக்கியா? பத்தியம் அது இதுன்னு?"

"இல்லக்கா. எல்லாருக்கும் இதேதான். கையால பிச்சுச் சாப்பிடணும்."

ஸ்டாம்புக்காரர் மேசை விளிம்பைப் பிடித்திருந்தார், விரல் நுனிகள் வெளுத்திருந்தன. அப்புறம் அக்கா கையை நீட்டித் தன் பக்கத்து உருண்டை ஒன்றைப் பிடித்து இழுத்தாள். சீஸ் நூல் நீண்டு அறுந்தது. பாதியைக் கடித்தாள்.

டீச்சர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. ஸ்டாம்புக்காரர் பார்வையை எங்கேயோ வைத்துக்கொண்டு கண் சிமிட்டினார். நானும் மகனும் ஆளுக்கொன்று பிய்த்துக்கொண்டோம்.

அக்கா மென்றாள். மெல்லுவது நின்றது. மறுபடி மென்றாள். கண்ணில் தண்ணீர் முட்டி, கன்னத்தில் இறங்கியது. துடைக்கவில்லை. மூக்கு சிவந்தது. அதைப் பார்த்து டீச்சருக்கும் அழுகை வந்துவிட்டது. "அண்ணி, போனது போகட்டும் அண்ணி" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சண்டை தீர்ந்தது என்று நானும் நினைத்தேன். நல்ல ரொட்டி என்றால் இப்படித்தான் என்றுகூட நினைத்தேன், என்னைச் சொல்ல வேண்டும்.

மகன்தான் வாயைத் திறந்தான். "மாமா, காரமா இருக்கும்னு அத்தை போன்ல சொன்னாங்க. இதுல ஒண்ணுமே இல்லையே, சப்புனு இருக்கு."

ஸ்டாம்புக்காரர் அவன் கையில் இருந்த பாதி உருண்டையைப் பார்த்தார். சிவப்புத் தக்காளி, பச்சை இலை. அக்கா கையில் இருந்ததைப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையை மேசை மேல் விரித்து, ஒரு முறை கவிழ்த்தார். இன்னொரு முறை கவிழ்த்தார். அவர் முகம் போன போக்கை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"அக்கா, துப்பு!" நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. உள்ளங்கையை அவள் வாய்க்குக் கீழே நீட்டினார். "துப்புக்கா, அது உனக்கில்ல, மாறிப்போச்சு, துப்பு!"

அக்கா விழுங்கினாள்.

"ஏன்டா துப்பணும்?" குரல் எரிச்சலில் கரகரத்தது. "நாலு வருஷம் கழிச்சு ஒரு வாய் வெச்சிருக்கேன். துப்பிட்டுப் போறதுக்கா வந்தேன்?"

சொல்லிவிட்டு, கையில் இருந்த மிச்சப் பாதியையும் வாயில் போட்டுக்கொண்டாள்.

வீம்பு என்றால் அது வீம்பு. எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தட்டை அப்படியே தூக்கி ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன். கால் மணி நேரத்தில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். தெருமுனை டாக்டரை மகன் ஓடிப்போய் அழைத்து வந்தான். அவர் ஊசி போட்டு, மருந்து எழுதி, எங்கள் எல்லாரையும் பெரியவர்களா நீங்கள் என்று கேட்டுவிட்டு, மூன்று நாளைக்குக் கஞ்சியைத் தவிர எதுவும் கூடாது, படுக்கையை விட்டு அசையக்கூடாது என்றார். ஆபத்து ஒன்றுமில்லை. ஒரு மணி நேரத்துக்கு வந்தவள் முன்னறைக் கட்டிலில் மூன்று நாள் படுத்தாள்.

அந்த மூன்று நாளும் ஸ்டாம்புக்காரர் கடையைத் திறக்கவில்லை. அவருடைய வாடிக்கைக்காரர்கள் என்னிடம் கடிதங்களைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வீட்டில் அவர் கஞ்சி காய்ச்சுவார், ஆற்றுவார், கொண்டு வைப்பார், கதவோரம் போய் நின்றுகொள்வார். அக்கா குடித்துவிட்டு டம்ளரைத் தரையில் வைப்பாள். முதல் இரண்டு நாள் பேச்சு இதற்கு மேல் போகவில்லை என்று டீச்சர் சொன்னாள். "வேணும்னே பண்ணிட்டேன்னு நெனைக்கிறாங்களோ?" என்று டீச்சரிடம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் சேர்ந்த கடிதங்களைக் கொடுக்க நான் போனேன். டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை. மகன் ரயில் டிக்கெட்டை மாற்றப் போயிருந்தான். நான் சமையலறையில் கடிதங்களை வைத்துவிட்டுத் திரும்பும்போது அக்கா கூப்பிட்டது கேட்டது.

"இங்க வாடா. அதை எப்படித்தான் மாத்தி வெச்ச?"

ஸ்டாம்புக்காரர் ஓடி வந்து ஒரு தட்டும் காகிதமும் எடுத்துப் போனார். நான் அப்படியே நின்றுவிட்டேன். ஒட்டுக்கேட்பது தப்புதான், ஆனால் அவர்களைத் தாண்டித்தான் வாசல். கட்டிலுக்கு அருகே தரையில் உட்கார்ந்து அவர் காகிதத்தில் வட்டம் போட்டார், இடது பக்கம் புள்ளி வைத்தார், அதைத் தட்டால் மூடினார், கவிழ்த்தார், மறுபடி கவிழ்த்தார். "இங்கதான்கா. இந்த ரெண்டாவது தடவையை நான் எண்ணவே இல்ல" என்றார். "இது நாள்வரைக்கும் எனக்கு இப்படி ஆனதில்ல. உன் விஷயத்துல போய் ஆயிடுச்சு." பெரிய மனிதர், தரையில் உட்கார்ந்து அழுதார்.

"வேணும்னு பண்ணல" என்றாள் அக்கா.

"வேணும்னு பண்ணுவேனாக்கா?"

"நீ பண்ண மாட்ட. நான் பண்ணினேன்."

"என்னது?"

அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். பேசும்போது முதுகுதான் தெரிந்தது.

"முத்திரை கேக்கச் சொல்லி அவனை உன் கடைக்கு அனுப்பினது நான்தான். அவன் மாட்டேன்னுதான் சொன்னான். நான்தான் சட்டையைப் போட்டுவிட்டுத் தள்ளிவிட்டேன். நீ அவனை என்ன சொல்லித் திட்டினேன்னு ஞாபகம் இருக்கா?"

அவர் தட்டைத் தரையில் வைத்தார்.

"'உங்கம்மாவுக்கு மட்டும் இது தெரிஞ்சா உன்னைச் செருப்பால அடிப்பா'ன்னு சொன்னியாம். வந்து அப்படியே சொன்னான், என் முகத்தைப் பார்த்து. அதுக்கப்புறம் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு உன் வீட்டுல வந்து உக்காருவேன்? ரெண்டாம் தடவை நீ வந்தப்ப கதவுக்கு உள்பக்கம்தான் நின்னுட்டிருந்தேன்."

நாலு வருடமாக எல்லாரும் அதைக் கோபம் என்றே நினைத்தோம். டீச்சர் நினைத்தாள், நான் நினைத்தேன், தம்பி நினைத்தார். கோபம் என்றால் அது ஆறிவிடும் என்று காத்துக்கொண்டும் இருந்தோம்.

ஸ்டாம்புக்காரர் காகிதத்தை நாலாக மடித்தார். ஏதாவது ஆறுதலாகச் சொல்வார், பரவாயில்லை அக்கா என்பார் என்று நான் எதிர்பார்த்தேன். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். இவருக்குப் பொய் சொல்ல வராது.

"நீ அனுப்பினேன்னு தெரிஞ்சிருந்தாலும் நான் போட்டுக் குடுத்திருக்க மாட்டேன்கா."

"தெரியும்டா" என்றாள் அக்கா, திரும்பாமலே. "அதனாலதான் நான் வராம அவனை அனுப்பினேன்."